மங்கலத்தார் பத்து எண்ணுவார்

எங்கள் வீட்டில் ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேச ஆரம்பித்ததாகச் சரித்திரமே கிடையாது. குழம்புக்கு உப்புப் போதுமா என்று அம்மா கேட்கும்போதே அப்பா ரேஷன் கடைக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். அதற்கு நான் பதில் சொல்ல வாய் திறந்தால் தங்கை வேறொன்றைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பாள். பனியன் கம்பெனி வேலைக்காகத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்த குடும்பம். கடல்காற்றை மீறிப் பேசிப் பழகியவர்கள், காம்பவுண்டு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தத்தைக் குறைக்கவில்லை. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான்தான், என் வாழ்க்கையில் பார்த்ததிலேயே பொறுமையான காதுள்ள மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதைப் பார்த்தால் அவர் சிரிப்பார், சத்தம் வராமல்.

அவரை நாங்கள் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஹாம் ரேடியோ என்று ஒன்று இருக்கிறது. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, வீட்டு மாடியில் ஆன்டெனா நட்டு, ஊர் ஊராக ரேடியோவில் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு. எங்கள் பக்கத்தில் அந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் நாலே பேர். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நால்வரும் ஒரே அலைவரிசையில் கூடுவோம். லைசென்ஸ் எண்ணை விதிப்படி ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் ஊர்ப் பெயர்தான். கணியூரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் கணியூர். கொமரலிங்கத்தில் மாட்டு டாக்டராக இருக்கும் ஓர் அம்மா கொமரலிங்கம். நான் திருப்பூர். அவர் மங்கலம்.

அந்த ஞாயிறு கூட்டத்தைத் திறந்துவைப்பது மங்கலத்தாரின் வேலை. யாரும் நியமித்ததில்லை, அவரே பல வருடங்களாகச் செய்துவந்தார். ஏழு அடிக்கும்போது, “பிரீக்வென்சி காலிங்களா?” என்று கேட்பார். அந்த அலைவரிசையில் வேறு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. எங்களைத் தவிர அங்கே ஈ காக்காய் கிடையாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார். கேட்டுவிட்டு, முழங்கால்மேல் விரலால் தட்டிப் பத்து வரை எண்ணுவார், நேரில் பழகிய பிறகு பார்த்திருக்கிறேன். பிறகுதான், “மங்கலத்துலிருந்து வணக்கமுங்க. மொதல்ல கணியூர் வாங்க” என்பார். எனக்கு அந்தப் பத்து வினாடி பத்து நிமிடமாகத் தெரியும்.

பிழைப்புக்கு அவர் செய்தது தையல் மிஷின்களின் போர்டு சரிசெய்யும் வேலை. இப்போது ஓவர்லாக், பேட்லாக் என்று எல்லா வகை மிஷினிலும் எலெக்ட்ரானிக் போர்டு இருக்கிறது, மின்சாரம் கொஞ்சம் எகிறினால் படுத்துவிடும். மங்கலத்தில் ஒரு தறிக்கூடத்துக்குப் பக்கத்துக் கட்டிடம், மாடியில் ஒரே அறை, அதுதான் கடை. பின்னால் வீடு. சுற்றிலும் தறிகள் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, என்னோடு பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று தலையைச் சாய்த்து, “மூணாவது தறி நின்னு போச்சுங்க” என்பார். எனக்கு எல்லாம் ஒரே சத்தம். அரை நிமிடம் கழித்துக் கீழேயிருந்து தறிக்காரர் யாரையோ திட்டும் குரல் கேட்கும்.

கம்பெனி மெக்கானிக்குகள் போர்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, இது இப்படி ஆச்சு அது அப்படி ஆச்சு என்று கொட்டுவார்கள். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர்கள் முடித்துவிட்டார்கள் என்று நான் நினைக்கும் இடத்தில் அவர் இன்னும் கொஞ்சம் காத்திருப்பார். அப்போது அவர்களே தலையைச் சொறிந்துகொண்டு, “காத்தால கொஞ்சம் தண்ணி பட்டுருச்சுங்ணா” என்பார்கள். பாதி ரிப்பேரை அவர் அப்படித்தான் கண்டுபிடித்தார்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். ஒருநாள் டீ கொடுத்துக்கொண்டே அக்கா சொன்னார்: “இவருகூட சண்டையே போட முடியாதுங்க கண்ணு. நான் பேசி முடிக்கட்டும்னு பாத்துட்டே இருப்பாரு. முடிக்கறதுக்குள்ள எதுக்கு ஆரம்பிச்சேன்னு எனக்கே மறந்து போயிரும்.”

அவரை நான் நேரில் முதன்முதலாகப் பார்த்ததே என் தவறால்தான். அப்போது லைசென்ஸ் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எனக்கு வேலை ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில். அங்கே சர்வர் எல்லாம் லினக்ஸ். அந்தத் திமிரில், வீட்டு ரேடியோவையும் என் லினக்ஸ் லேப்டாப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். அதற்கு இரண்டு யு.எஸ்.பி. அடாப்டர் வேண்டும். ஒன்று சத்தத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவர. இன்னொன்று, ரேடியோவுக்கு “இப்போது பேசு, இப்போது கேள்” என்று கட்டளையிட. இரண்டாவதில் ஒரு கம்பி உண்டு. அதில் மின்சாரம் ஏறினால் ரேடியோ பேசும். இறங்கினால் கேட்கும். எனக்குத் தெரியாதது ஒன்றுதான்: லினக்ஸ் அந்த அடாப்டரைத் திறந்த மாத்திரத்தில், யாரும் கேட்காமலேயே, அந்தக் கம்பியில் மின்சாரத்தை ஏற்றிவிடும்.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்குப் புரோகிராமைத் திறந்துவைத்துவிட்டு, தங்கையிடமிருந்து போன் வந்ததால் வாசலுக்குப் போனேன். சித்தி வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்ற விவகாரம். லேசில் முடியாது. உள்ளே என் ரேடியோ, இட்லிக் குண்டான் மாதிரிச் சூடாகி, விடாமல் பேசிக்கொண்டிருந்தது. சொல்ல அதற்கு ஒன்றுமில்லை. வெறும் மௌனத்தை அனுப்பிக்கொண்டிருந்தது, நடுநடுவே லேப்டாப்பில் கம்பெனி மெயில் வரும்போதெல்லாம் ஒரு “டிங்.” நான் அடைத்துக்கொண்டிருந்ததால் மற்ற மூவரும் ஒருவரையொருவர் கேட்க முடியவில்லை.

போன் பேசிக்கொண்டே திரும்பினால், கேட்டுக்கு வெளியே ஒருவர் மொபெட்டை நிறுத்திவிட்டு நிற்கிறார். வெள்ளைச் சட்டை, ஒடிசலான உடம்பு. கையில் பிளாஸ்டிக் குழாயில் ஆசாரி அளக்கும் இரும்பு டேப்பை வெட்டிக் கட்டிய ஒரு சமாச்சாரம். கேபிள் டிவிக்காரர் என்று நினைத்து, இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டுச் சித்தியைத் தொடர்ந்தேன். அவர் நின்றார். பத்து நிமிடம் இருக்கும். தெருநாய் வந்து அவர் காலை மோந்துவிட்டுப் போனது. நான் போனை வைத்த பிறகும் உடனே பேசவில்லை. நான் மறுபடி ஆரம்பிக்கமாட்டேன் என்று உறுதிப்படுத்திக்கொண்டார் போல.

“அம்மிணி, பேசி முடிச்சுட்டீங்களா?”

“முடிச்சாச்சு. என்ன விஷயம்?”

“உங்க ரேடியோ பேசிட்டு இருக்குதுங்க.”

“நான் பேசவே இல்லையே.”

“நீங்க பேசலீங்க. அதுதான் பேசுதுங்க.”

அந்த டேப் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, எந்தத் திசையில் சத்தம் கூடுகிறது என்று பார்த்துக்கொண்டே மங்கலத்திலிருந்து என் சந்து வரை வந்திருக்கிறார். அவ்வளவு தூரம் தேடிவந்த காரியத்தைச் சொல்ல, என் சித்தி கதை முடியட்டும் என்று வேறு காத்திருக்கிறார். வேறு யாராவது என்றால் கேட்டை உதைத்திருப்பார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓடிப்போய்க் கேபிளைப் பிடுங்கினேன். அவர் உள்ளே வந்து, ரேடியோவைத் தொட்டுப்பார்த்து, “பாவம், தண்ணி கேக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு பல வருடங்கள் ஞாயிறுதோறும் ஏழு மணிக்கு அவர் குரல் கேட்டது. அப்புறம் அந்தக் குரல் கரகரக்கத் தொடங்கியது. மழைக்காலம், சளி என்றார். தொண்டைக்குள் கட்டி என்று தெரிந்தபோது தாமதமாகிவிட்டிருந்தது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, இனிப் பேச்சு வராது என்றார்கள்.

நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். அவர் சிரித்தார், நாங்கள் ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேசினோம். திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இரண்டு மாதம் யாரும் மங்கலம் பக்கம் போகவில்லை. பேச முடியாதவரிடம் போய் என்ன பேசுவது என்ற தயக்கம். ஞாயிறு கூட்டத்தை யார் முதலில் வந்தாரோ அவர் திறந்தார். பத்தெல்லாம் யாரும் எண்ணவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு. கணியூர்க்காரருடைய தோப்பு மோட்டார் எரிந்துபோயிருந்தது. அதை ஒரு வரியில் சொன்னார், யாரும் என்னவென்று கேட்கவில்லை. கூட்டத்தை இப்படி ஆளில்லாமல் விடக்கூடாது, ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்குக் கணியூர்க்காரர், “மங்கலம் இனி எங்கீங்க வரப் போறாரு. ரேடியோவக்கூடக் குடுத்திருப்பாரு. அடுத்த மாசத்துலிருந்து அம்மிணியே அந்த எடத்துல உக்காந்துக்கட்டும்” என்றார். அம்மிணி நான்தான். அப்போது குறுக்கே இரண்டு முறை, ‘கிளிக்’, ‘கிளிக்’ என்று சத்தம் வந்தது. யாரோ மைக்கை அழுத்தி விடும் சத்தம். நான்தான் சொன்னேன்: “யாரோ சின்னப் பிள்ளைக அமுக்கி விளையாடுது. கண்டுக்காதீங்க.”

அந்த வாரம்தான் ஏதோ மனம் உறுத்தி மங்கலம் போனேன். கடை திறந்திருந்தது. மேஜைமேல் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மைக் அதன் கொக்கியில் இல்லை, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. டி-ஷர்ட் மடிக்கும்போது உள்ளே வைக்கும் வெள்ளை அட்டைகளை ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தார். பென்சிலால் அதில்தான் எழுதிப் பேசினார். எழுதும்போதுகூட அந்த ‘ங்க’வை விடவில்லை.

“ரேடியோ எல்லாம் போடுறீங்களா அண்ணே?” என்றேன்.

“தெனமுங்க” என்று எழுதினார். யோசித்து, அதற்குக் கீழே, “போன ஞாயித்துக்கெழம ரெண்டு தடவ அமுக்குனனுங்க” என்று எழுதிக் காட்டினார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சின்னப் பிள்ளை விளையாட்டு, கண்டுகொள்ளாதீர்கள் என்று சொன்னது என் குரல்தானே. அவர் ஒவ்வொரு ஞாயிறும் அந்த மேஜையில் உட்கார்ந்து, தன் இடத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று நாங்கள் பேசுவதை, நாங்கள் முடிக்கும் வரை கேட்டிருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அவசரமாக இன்னொரு அட்டையை எடுத்தார். “நான் கேட்டேன்னு அவுங்ககிட்டச் சொல்லாதீங்க. சங்கடப்படுவாங்க.”

அடுத்த மாதத்துக்கு மூன்று ஞாயிறுதான் இருந்தது. அதற்குள் இவரை அந்த இடத்தில் மறுபடி உட்காரவைப்பது என்று எனக்குள் ஒரு வீம்பு வந்தது.

போன் குரூப் ஒன்று ஆரம்பிக்கிறேன் என்றேன். “அதுல எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க. கேக்கறதுக்கு ஆளு இல்லீங்க” என்று எழுதினார். மோர்ஸ் தந்தி என்றேன். நாங்கள் நால்வரும் அது தேவைப்படாத லைசென்ஸ் வாங்கியவர்கள், ஒருவருக்கும் தெரியாது. சரி என்று, அவர் தட்டச்சு செய்வதைக் கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படிக்கும்படி செய்தேன். ஓர் ஆண்குரல், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி, “மங்கலத்துலிருந்து வணக்கமுங்க” என்றது. அவர் அதை முழுதாகக் கேட்டார். பிறகு எழுதினார்: “நல்லாப் பேசறாருங்க. இவரு யாருங்க?”

கடைசியில் எழுத்தாகவே அனுப்புவது என்று முடிவானது. அவர் தட்டச்சு செய்வதைக் கம்ப்யூட்டர் ஒருவிதக் கீச்சுச் சத்தமாக மாற்றும், ரேடியோ அதை அனுப்பும். எதிர்ப்பக்கம் இதேபோல ரேடியோவோடு கம்ப்யூட்டர் சேர்ந்திருந்தால், சத்தம் மறுபடி எழுத்தாகித் திரையில் ஓடும். கம்பெனியில் கழித்துக்கட்டிய ஒரு லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, லினக்ஸ் ஏற்றி, கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். சத்தத்துக்கு ஓர் அடாப்டர். கட்டளைக்கு இரண்டு: ஒன்று ரேடியோவுக்கு, ஒன்று மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாருக்கு. அந்த இரண்டையும் ஒரே கடையில் ஒரே மாதிரியாக வாங்கியதுதான் வினை.

முதல் நாள் ஒழுங்காக ஓடியது. மறுநாள் லேப்டாப்பை அணைத்துப் போட்டு, அனுப்பு என்று தட்டினேன். ரேடியோ கம்மென்று இருந்தது. மொட்டைமாடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. “ஏனுங்க, உங்க ஆன்டெனா லுங்கியத் தூக்கிட்டுப் போகுதுங்க.” துணி காயப்போட இடமில்லை என்று அக்கா ஆன்டெனாக் கம்பியில் லுங்கியைப் போட்டிருந்தார். ரேடியோவுக்கு நான் கொடுத்த கட்டளையில் ஆன்டெனா திரும்ப, லுங்கி அதோடு பல்லடம் பக்கம் போய்விட்டது. லினக்ஸ் அடாப்டர்களை முகம் பார்த்து அடையாளம் வைப்பதில்லை. முதலில் கண்ணில் பட்டதற்குப் பூஜ்யம், அடுத்ததற்கு ஒன்று. இன்றைக்குப் பூஜ்யமாக இருந்தது நாளைக்கு ஒன்றாகிவிடும்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இதெல்லாம் கம்ப்யூட்டரா என்று திட்டினேன். அவர் தோள் குலுங்கச் சிரித்து முடித்துவிட்டு, அந்த இரண்டு அடாப்டரையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, எழுதினார்: “ரெண்டுக்கும் ஒரே முகமுங்க. அது என்ன பண்ணும், பாவம்.” அதுவும் சரிதான். ஆளைப் பார்க்காதே, உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார் என்று லினக்ஸுக்குச் சொல்லும் வழி ஒன்று உண்டு. இடதுபக்கத் துளையில் செருகினால் அது எப்போதும் ரேடியோ, வலதுபக்கம் என்றால் எப்போதும் ஆன்டெனா. அப்படி எழுதிவைத்தேன். அவர் தையல் நூல் கோன்களிலிருந்து சிவப்பு நூலும் பச்சை நூலும் அறுத்து, ரேடியோக் கேபிளில் சிவப்பும் ஆன்டெனாக் கேபிளில் பச்சையும் சுற்றி, துளைகளுக்குப் பக்கத்திலும் அதே நிறத்தில் ஒரு துண்டு ஒட்டினார். திறந்ததும் மின்சாரம் ஏறும் அந்தப் பழைய கோளாறையும் இந்த முறை மறக்காமல் அடைத்தேன்.

எல்லாம் முடிந்தது என்று நான் பையை எடுக்கும்போது ஒரு அட்டையை நீட்டினார். “அனுப்பறதுக்கு முன்னால இது கேக்குமுங்களா?”

“அது எதுக்குக் கேக்கணும்? நீங்கதான் கேட்டுட்டு அனுப்புவீங்களே.”

“நான் அவசரப்பட்டுட்டன்னா?” என்று அடுத்த அட்டை.

“நீங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க.”

அவர் விடவில்லை. “உங்க ஊட்டுலயும் இதத்தான போடுவீங்க” என்று எழுதிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். இதைவிட மரியாதையாக யாரும் என்னைக் குத்திக்காட்டியதில்லை. உட்கார்ந்து இன்னும் சில வரிகள் எழுதினேன். யாராவது பேசிக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் அனுப்பாது, நாம் தட்டியதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அலைவரிசை காலியாகி முழுதாகப் பத்து வினாடி ஆனால்தான் விடும். அவர் திரையில் பத்திலிருந்து பூஜ்யம் வரை எண் இறங்குவதைப் பார்த்தார். அவர் விரல் முழங்கால்மேல் கூடவே தட்டியது. தலையை ஆட்டினார்.

இனி எழுத்து போகும். ஆனால் படிக்க ஆள் வேண்டுமே. “என் வீட்டு லேப்டாப் திறந்திருக்கும், நீங்க அனுப்புறது அதுல பதிவாகும். சரியாப் போகுதான்னு மொதல்ல பார்ப்போம்” என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவருக்குச் சொல்லாமல் அடுத்த வாரமே பஸ் ஏறிக் கணியூர் போனேன், இரண்டு அடாப்டரோடு.

கணியூர்க்காரர் மகளுடைய பழைய லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தார், மனதில்லாமல். “இந்த வயசுல எனக்கு இதெல்லாம் வேணுமுங்களா அம்மிணி? பேசுனாப் போதாதுங்களா?”

“நீங்க பேசலாம். அவரால பேச முடியாதுல்லா.”

அவர் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, நான் கேபிள் கட்டும் வரை பக்கத்திலேயே நின்று, எந்தத் துளையில் எது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். கொமரலிங்கத்து டாக்டரம்மா வீட்டுக்கு நான் போக வேண்டியிருக்கவில்லை. போனில் சொல்லச் சொல்ல அவரே செய்தார், நடுவில் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டும் வந்தார். இரண்டு பேருக்கும் மங்கலத்துக்காக எழுதிய அதே புரோகிராமைத்தான் கொடுத்தேன். அதே பத்து வினாடி. அதில் என்ன தவறு இருக்க முடியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது ஞாயிறு. மங்கலத்தில் அவர் மேஜைக்குப் பக்கத்தில் நான். அக்கா கதவோரம். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தலை சீவி, வெளியூர் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். யாரும் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே எனக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்திருந்தார். கடிகாரம் ஏழைக் காட்டியது. ஒற்றை விரலால் தட்டினார்.

பிரீக்வென்சி காலிங்களா? மங்கலம்.

ரேடியோ கீச்சிட்டு ஓய்ந்தது. அமைதி. திரையில் ஒன்றுமில்லை. நான் வாசலைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், நகத்தைக் கடித்தேன். கணியூரில் கேபிள் கழன்றிருக்குமோ, டாக்டரம்மாவை மாட்டுக்காரர் யாராவது கூப்பிட்டிருப்பாரோ. இவர் மட்டும் எப்போதும் போல முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார்.

பத்து முடிந்ததும் ரேடியோ கரகரவென்று இரைந்தது. திரையில் எழுத்துகள் ஓடின. ஒன்றுக்கும் அர்த்தமில்லை. அடைப்புக்குறியும் புள்ளியும் எண்ணும் கலந்த குப்பை. என் புரோகிராம் கெட்டுவிட்டது, இந்த மனிதரின் கடைசி நம்பிக்கையையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார், மூன்றாவது தறியைக் கேட்பாரே, அப்படி. அது ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பி இரண்டு விரலைக் காட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கணியூரும் கொமரலிங்கமும் பதிலைத் தயாராக அடித்து வைத்துக்கொண்டு, அவர் எழுத்தைப் பார்த்ததும் தட்டியிருக்கிறார்கள். நான் எழுதிய மரியாதை இரண்டு பேரையும் சரியாகப் பத்து வினாடி நிறுத்திவைத்து, ஒரே நொடியில் விட்டிருக்கிறது. இரண்டு ஊரும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசி, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு அதில் தெரிந்தது ஒன்றுதான். ஒருவர் இல்லை, இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ரகசியமாகச் செய்த வேலை தெரிந்துவிட்டது. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு தட்டச்சுப் பலகைக்குத் திரும்பினார்.

ஒவ்வொருத்தரா வாங்க. மொதல்ல கணியூர்.

அக்கா கதவோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பத்து வினாடி. கணியூரின் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார், பாதி பிழை.

வணக்கமுங்க மங்கலம். இத்தன வாரமா நாங்க பேசுனதெல்லாம் கேட்டுட்டா இருந்தீங்க?

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால் எல்லோருக்கும் நிம்மதி. அவர் அட்டைக்கட்டைத் தொட்டார், விட்டார். பிறகு நிதானமாக அடித்தார்.

கேட்டனுங்க. மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க. சரி பண்ணியாச்சுங்களா?

திரையில் பத்து இறங்கியது, ரேடியோ கீச்சிட்டு அதை அனுப்பியது. கணியூரிலிருந்து பத்து வினாடி தாண்டியும் ஒன்றும் வரவில்லை. அவர் காத்திருந்தார்.